மல்லாந்து கிடந்த வண்டி

பிரபாவதிக்கு சைக்கிளைத் தவிர வேறு வண்டி ஓட்டத் தெரியாது. அந்த சைக்கிளும் பதினொன்றாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்தது. செயின் கழன்றால் மாட்டத் தெரியாமல் வீடுவரை தள்ளிக்கொண்டே வந்து சேர்கிற ரகம் அவள். ஆனால் திண்டிவனம் பைபாஸில் மிலிட்டரி லாரிகள் வரிசை கட்டிப் போனால் போதும், தையல் மிஷினை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்துவிடுவாள். இது பழசு, இது புதுசு, இது முகத்தை மட்டும் மாற்றின பழசு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு நிற்பாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பச்சை பெயிண்ட் அடித்த லாரியில் பழசு என்ன, புதுசு என்ன? எருமைக் கூட்டத்தைக் காட்டி இது அக்கா, இது தங்கச்சி என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும், அப்படித்தான் அவர்களுக்கு இருந்தது.

எல்லாம் கட்டிக்கொண்டவனால் வந்த வினை. அவள் புருஷன் அறிவுச்செல்வன் ராணுவத்தில் கனரக வண்டி டிரைவர். துப்பாக்கியோடு எல்லையில் நிற்கிறவன் இல்லை. நிற்கிறவர்களுக்கு அரிசி, கோதுமை மாவு, மண்ணெண்ணெய், கம்பளி எல்லாம் பனிமலை மேல் ஏற்றிக்கொண்டு போகிறவன். கல்யாணம் முடிந்த கையோடு லீவு முடிந்து போனவன், போய்ச் சேர்ந்ததும் புதுப் பெண்டாட்டிக்கு முதன்முதலாக ஒரு போட்டோ அனுப்பினான். ஆசை ஆசையாகத் திறந்து பார்த்தால் லாரி.

"இன்னாங்க இது? பொண்டாட்டிக்கு அனுப்பற போட்டோவா? மனுசன் மூஞ்சி எங்க?"

"அதான் இருக்குதே மூஞ்சி. நல்லா பாரு, கண்ணாடி ரெண்டு துண்டு, நடுவுல ஒரு பட்டை. எனக்குன்னு குடுத்திருக்கற வண்டி இதான். இங்க இவதான் எனக்கு எல்லாம்."

"அப்ப நான் யாரு?"

"நீ மூத்தவ. இவ ரெண்டாவது."

அன்றோடு அந்த லாரி அவளுக்குச் சக்களத்தி ஆகிவிட்டது. போன் வந்தால் அவள் முதலில் கேட்பதே, "என் சக்களத்தி எப்படி இருக்கா?" என்றுதான். இருமுகிறாள், சளி பிடித்திருக்கிறது, புது டயர் போட்டு சிங்காரித்திருக்கிறேன் என்று அவனும் சளைக்காமல் பதில் சொல்வான். மாமியார் பொன்னி ஆரம்பத்தில் இதைக் கேட்டு உண்மையாகவே எவளோ ஒருத்தி என்று பயந்து, இரண்டு நாள் சரியாகச் சோறு சாப்பிடவில்லை.

ராணுவத்தில் ஒரு டிரைவருக்கு ஒரு வண்டி. துடைப்பது, கிரீஸ் வைப்பது, ஓட்டுவது எல்லாம் அவன் பொறுப்பு. அதனால் டிரைவர்களின் பெண்டாட்டிகளுக்குள் பேச்சு ஆரம்பிப்பதே வண்டியில்தான். உங்க வீட்டுக்காரரு எது ஓட்றாரு, பழசா புதுசா? அதைக் கேட்டுவிட்டுத்தான் ஊர், பிள்ளைகள், சம்பளம் எல்லாம். வண்டியைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி.

இப்படிக் கேட்டுக் கேட்டு பிரபாவதிக்கு மூன்று தலைமுறை வண்டிகள் அத்துப்படி ஆகிவிட்டன. முதலாவது, முன்னால் மூக்கு நீண்ட சக்திமான் லாரி. அதை ராணுவம் எப்போதோ கழித்துவிட்டது. இன்று தண்ணி லாரியாகவும், கவிழ்ந்த லாரிகளைத் தூக்குகிற கிரேனாகவும் ரோட்டோரம் பிழைத்துக் கிடக்கிறது. அடுத்தது மூக்கில்லாத சப்பை மூஞ்சி, அவர்கள் பாஷையில் பழசு. கடைசியாக வந்தது புதுசு. புதுசுக்கு முன்கண்ணாடி ஒரே துண்டு. புகைக்குழாய் கேபினுக்குப் பின்னால் நிமிர்ந்து வானத்தைப் பார்த்து நிற்கும். பழசுக்கு அது வயிற்றுக்கடியில் ஓடும். பழசுக்கு டீசல் டேங்க் உருண்டையாக இரண்டு பக்கமும் தொங்கும். புதுசுக்கு ஒரே பக்கம், சதுரப் பெட்டி. நம்பரைப் பார்த்தால் இன்னும் சுலபம். ராணுவ நம்பரில் முதலில் ஒரு அம்புக்குறி, அதை அடுத்து வரும் இரண்டு எண் அந்த வண்டி பட்டாளத்தில் சேர்ந்த வருஷம்.

மூன்று மாதத்துக்கு முன்னால்தான் அறிவுச்செல்வனுக்குப் புதுசு கொடுத்தார்கள். சீனியர் என்று கொடுத்தது. அவன் இத்தனை வருஷம் ஓட்டிய பழசு, பிரபாவதியின் சக்களத்தி, தென்னரசு கைக்குப் போனது. தென்னரசு முண்டியம்பாக்கத்துப் பையன், அதே யூனிட்டில் ஜூனியர். நம்ம பக்கத்து ஆள் என்றதும் அறிவுச்செல்வனுக்கு அவன் கூடப் பிறக்காத தம்பியாகிவிட்டான். வண்டியைக் கைமாற்றிய அன்று அறிவுச்செல்வன் அனுப்பிய வீடியோ இன்னும் பிரபாவதியின் போனில் இருக்கிறது.

"தபாருடா தென்னரசு, இவ எடது பக்கம் இழுப்பா. ஐஸ் ரோட்ல ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்க இறுக்கிப் புடிச்சிக்கினே இருக்கணும். ஒத்தக் கைய எடுத்தன்னா அவ்ளோதான், பொறந்த வூட்டுக்குப் போறவ மாதிரி பள்ளத்தப் பாத்துக்கினு போயிடுவா."

அதற்கு தென்னரசு சிரித்த சிரிப்பும் அந்த வீடியோவில் இருக்கிறது.

பொங்கல் முடிந்து பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த வாரம் அது. மகள் கலைப்பிரியாவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு பிரபாவதி ஒரு கல்யாண வீட்டு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். பொன்னி மல்லாட்டைப் பயிருக்குக் களை எடுக்கப் போயிருந்தாள். பக்கத்து வீட்டு வெண்ணிலா தலைகூட வாராமல் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"யக்கா, பதறாத. உங்க வூட்டுக்காரரு இருக்கறது இந்தப் பக்கந்தானே?"

பதறாதே என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைத்தான் முதலில் நாலு சாத்து சாத்த வேண்டும். அந்த ஒரு வார்த்தையிலேயே பாதி உயிர் போய்விடுகிறது. பிரபாவதி போனை வாங்கிப் பார்த்தாள். பனிமலைப் பாதையில் ராணுவ லாரி உருண்டு விபத்து, டிரைவர் உட்பட இருவர் பலி. கீழே ஓடிய எழுத்தில் ஒரு கணவாயின் பெயர் இருந்தது. திண்டிவனத்தில் அந்தப் பெயரை ஒழுங்காக உச்சரிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். வாரத்துக்கு இரண்டு தடவை அவள் புருஷன் ஏறி இறங்குகிற கணவாய் அது.

அவள் உடனே புருஷனுக்குப் போன் போட்டாள். ஒரு பெண் குரல் இந்தியில் ஏதோ சொல்லிவிட்டு அறுத்துக்கொண்டது. மறுபடி போட்டாள். அதே குரல். அவன் மேலே ஏறிவிட்டால் டவர் கிடைக்காது என்பது அவளுக்குத் தெரியும். அது நேற்றுவரை வெறும் பேஜாராக இருந்தது. இன்றைக்கு அந்தக் குரலைக் கேட்கக் கேட்க விடாமல் போட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்தச் செய்திச் சேனல்காரன் செய்த வேலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. இரண்டு உயிர் போயிருக்கிறது, அவன் பின்னணியில் டமடம என்று மேளம் அடித்து, ஒரே துண்டுப் படத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தான். அது போதாதென்று, நம்பர் தெரியவேண்டிய இடத்தை மங்கலாக்கி மறைத்திருந்தான். ரகசியமாம்! ஒரே ஒரு அம்புக்குறியும் இரண்டு எண்ணும் தெரிந்திருந்தால் ஒரு பெண்ணின் உயிர் அப்போதே கூட்டில் வந்து உட்கார்ந்திருக்கும். பாவி மறைத்துவிட்டான்.

"இதுல இன்னா தெரியுதுன்னு பாக்கற?" என்றாள் வெண்ணிலா.

"எந்த வண்டின்னு பாக்கறேன்."

"எந்த வண்டியா இருந்தா இன்னாக்கா?"

பிரபாவதி படத்தை முதலிலிருந்து ஓடவிட்டாள். எந்த வண்டி என்பதில்தான் அவளுக்கு எல்லாமே இருந்தது. புதுசாக இருந்தால் அவள் போச்சு, மகள் போச்சு, குடும்பமே போச்சு. பழசாக இருந்தால் அவள் புருஷன் உயிரோடு இருக்கிறான்.

ஆனால் வண்டி மல்லாந்து கிடந்தது. பள்ளத்தின் அடியில், பாதி பனியில் புதைந்து, நாலு சக்கரமும் வானத்தைப் பார்த்துக்கொண்டு. கண்ணாடி ஒரு துண்டா இரண்டு துண்டா என்று பார்க்க முகமே இல்லை. படம் எடுத்தவன் ரோட்டு மேல் நின்று நடுங்கிக்கொண்டே எடுத்திருந்தான். கேபின் நசுங்கியிருந்ததில் நிமிர்ந்த புகைக்குழாய் ஒன்று இருந்ததா இல்லையா என்றும் சொல்ல முடியவில்லை. பிரபாவதி படத்தை நிறுத்தினாள், விரலால் பெரிதாக்கினாள். பெரிதாக்கினால் எல்லாம் கட்டம் கட்டமாகக் கலைந்தது. சிறிதாக்கினால் வண்டியே எறும்பாகிவிட்டது.

தன் போனைத் திறந்தாள். புருஷன் அனுப்பிய படங்கள் வரிசையாக வந்தன. வண்டி முன்னால், வண்டி பின்னால், வண்டி பக்கவாட்டில், ஆயுதபூஜைக்கு மாலை போட்ட வண்டி. அவன் முகம் இருந்த படங்கள் மிகக் குறைவு. எத்தனை முறை திட்டியிருப்பாள், உங்க மூஞ்சக் காட்டினா குறைஞ்சா போவீங்க என்று! இன்று அவன் முகம் வந்த படத்தையெல்லாம் அவசர அவசரமாகத் தள்ளிவிட்டு வண்டியைத் தேடினாள்.

"சாமி, பழசா இருக்கணும். அங்காளம்மா, பழசா இருக்கணும் தாயே. உனக்கு மொட்டை போடறேன், பழசா மட்டும் இருக்கட்டும்."

வாய் விட்டுத்தான் சொன்னாள். வெண்ணிலாவும் என்ன ஏது என்று தெரியாமலே கையைக் கூப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் அந்த டேங்க் கண்ணில் பட்டது. மல்லாந்த வண்டியின் வயிற்றோரம், பனிக்கு மேல், உருண்டையாக ஒன்று. எதிர்ப்பக்கம் பார்த்தாள். அங்கேயும் உருண்டையாக ஒன்று. இரண்டு பக்கமும் உருண்டை டேங்க். அதிலும் ஒன்று பச்சை, இன்னொன்று மண் நிறம்.

அவளுக்கு அதற்கு மேல் எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த மண் நிற டேங்கை அவளுக்கு நன்றாகத் தெரியும். போன வருஷம் பழைய டேங்க் ஓட்டையாகி, பாலைவனப் பக்கம் ஓடிக் கழிந்த வண்டி ஒன்றிலிருந்து எடுத்து மாட்டியது. பெயிண்ட் அடிக்க நேரமில்லாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். அப்போது அவன் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு அவள், "என்னாங்க, என் சக்களத்தி ஒரு காதுல தங்கத் தோடும் ஒரு காதுல கவரிங்கும் போட்டுக்கினு நிக்கறா?" என்று கேட்டிருந்தாள். அவளேதான் இது. பழசு.

பிரபாவதி தரையில் சரிந்து உட்கார்ந்து ஓவென்று அழுதாள். வெண்ணிலா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவர ஓடினாள். அழுகையா சிரிப்பா என்று பார்க்கிறவர்களுக்குப் புரியாத அழுகை. போன உயிர் திரும்பி வந்தது என்பார்களே, அது உடம்பில் எங்கெல்லாம் நுழைந்து வருகிறது என்பதை அன்று அவள் உணர்ந்தாள்.

யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். பொன்னி களைக்கொட்டோடு, கால் முழுக்கச் சேறோடு வயலிலிருந்து ஓடி வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே வர அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"எம்மா பிரபா, எம்புள்ள?"

"அத்த, அவரு இல்ல. அது பழைய வண்டி. அவரு இப்ப புதுசு ஓட்றாரு. நான் நல்லா பாத்துட்டேன் அத்த, அவரு வண்டி இல்ல."

பொன்னி களைக்கொட்டைப் போட்டுவிட்டு மண்ணில் விழுந்து கும்பிட்டாள். எழுந்து போய் சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றினாள். கை கழுவவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கற்பூரம் எரிந்து முடியும்வரை நின்றுவிட்டுத் திரும்பியவள், சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அப்ப அந்தப் பழச ஓட்டுனது யாரும்மா?"

பிரபாவதிக்குத் தெரியாததல்ல. டேங்கைப் பார்த்த நிமிஷத்திலேயே மனசின் ஒரு மூலைக்குத் தெரியும். ஆனால் தன் புருஷன் இல்லை என்ற சந்தோஷம் மற்ற எல்லாவற்றையும் பின்னால் தள்ளிவிட்டிருந்தது. தென்னரசு. அவன் பெயரை அவள் மனசுக்குள் சொல்லிப் பார்ப்பதற்குள் போன் அடித்தது. முண்டியம்பாக்கத்திலிருந்து ஜெசிந்தா, தென்னரசுவின் மனைவி.

ஜெசிந்தாவுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம்தான். பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிற பெண். ஆயிரம் மாத்திரையின் பெயர் தெரியும், லாரியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவள் புருஷன் வண்டிப் படம் அனுப்புகிற ஆளும் இல்லை.

"அக்கா, நியூஸ் பாத்தீங்களா? இவரு போன் போவல. அண்ணன் பேசினாங்களா? எந்த வண்டிக்கா அது? நீங்க பாத்தா சொல்லிடுவீங்கன்னு அண்ணன் சொல்லுவாங்களே. சொல்லுங்கக்கா, பழசா புதுசா?"

"சரியா தெரியல ஜெசி. வீடியோ மங்கலா இருக்குது. நான் கெளம்பி வந்துக்கினே இருக்கேன். நீ கடைக்குப் போவாத, வூட்லயே இரு."

"உங்களுக்குத் தெரியலயாக்கா?"

"வந்துக்கினே இருக்கேன் ஜெசி."

கட்டிய புடவையோடு பஸ் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கூட்டேரிப்பட்டு தாண்டும்வரை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூடிய கண்ணுக்குள் தென்னரசு சிரித்தான். போன தடவை லீவில் வந்தபோது கலைப்பிரியாவுக்கு உல்லன் தொப்பி வாங்கி வந்து, திண்டிவனத்து வெயிலில் அதைப் போட்டே ஆகவேண்டும் என்று பிள்ளையோடு மல்லுக்கட்டியவன். அவனுக்காக அழ முயன்றாள். அழுகை வரவில்லை. வந்ததெல்லாம், என் புருஷன் இருக்கிறான், என் புருஷன் இருக்கிறான் என்ற ஒரே நினைப்புதான். சீ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டத் திட்ட அது இன்னும் பலமாக எழுந்தது. ராத்திரி அவன் போனில் வருவான், குரலைக் கேட்கலாம், இனிமேல் சண்டையே போடக்கூடாது. இப்படி ஓடியது மனசு. செத்தவன் வீட்டுக்குப் போகிற வழியில் தன் வீட்டு விளக்கை எண்ணிச் சந்தோஷப்படுகிறோமே என்று அவளுக்கு அவமானமாக இருந்தது. என்ன செய்ய, சந்தோஷம் வந்தால் வந்ததுதான்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றது. ரோட்டோரம் ஒரு மெக்கானிக் ஷெட்டில், ராணுவம் கழித்த பழசு ஒன்று மஞ்சள் பெயிண்ட் அடித்துக்கொண்டு, முதுகில் கிரேனோடு நின்றிருந்தது. இரண்டு துண்டுக் கண்ணாடி, நடுவில் பட்டை, அதே முகம். மற்ற நாளாக இருந்தால் போனை எடுத்துப் படம் பிடித்து, "உங்க ஆளு சொந்தக்காரி ஒருத்தி இங்க கூலி வேலை செய்யறா" என்று அனுப்பியிருப்பாள். இன்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முண்டியம்பாக்கத்தில் ஜெசிந்தா வீட்டு வாசலில் செருப்புகள் நிறைந்திருந்தன. மாதா படத்துக்கு முன்னால் நாலைந்து பெண்கள் முணுமுணுவென்று ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தென்னரசுவின் அம்மா கெங்கம்மாள் சுவரில் சாய்ந்து, மருமகளின் சாமியையும் தன் சாமியையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிரபாவதியைப் பார்த்ததும் ஜெசிந்தா எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஐஸ் மாதிரி இருந்தது அவள் கை.

"யாரைக் கேட்டாலும் தெரியலன்றாங்கக்கா. ஆபீஸ் நம்பரு எடுக்கவே மாட்டேங்குது. நீங்களும் தெரியலன்னு சொல்லாதீங்க. உங்க மூஞ்சப் பாத்தாலே எனக்குத் தெரியுது. நீங்க வேற அழல, பயப்படல. உங்களுக்கு இன்னாவோ தெரிஞ்சிருக்குது."

பொய் சொல்லத்தான் வந்திருந்தாள் பிரபாவதி. கொஞ்ச நேரம், அதிகாரிகள் வரும்வரை, அந்தப் பெண் இன்னும் ஒரு வேளையாவது நம்பிக்கையோடு இருக்கட்டும் என்றுதான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். ஆனால் உன் முகத்தில் பயமில்லை என்று ஒருத்தி நேருக்கு நேர் நின்று சொல்லும்போது பொய் எங்கேயிருந்து வரும்?

"பழசு ஜெசி," என்றாள். "டேங்க பாத்தேன். அதே வண்டிதான்."

ஜெசிந்தா கத்தவில்லை. நின்றபடியே மடிந்து உட்கார்ந்தாள். கெங்கம்மாள்தான் மாரில் அறைந்துகொண்டு கத்தினாள். ஜெபம் சொன்ன பெண்கள் நிறுத்திவிட்டு, பிறகு இன்னும் சத்தமாகத் தொடங்கினார்கள். பிரபாவதி ஜெசிந்தாவை மடியில் சாய்த்துக்கொண்டு முதுகைத் தடவினாள். "அழுவாத கண்ணு, நான் இருக்கேன், நாங்க ரெண்டு பேரும் இருக்கோம், அண்ணன் வந்துடுவாரு, எல்லாத்தையும் அண்ணன் பாத்துக்குவாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஜெசிந்தா மடியில் கிடந்தபடியே பேசினாள்.

"முந்தாநேத்து மூட்டை எறக்கும்போது பின்னால கதவு விழுந்து வலது கை நசுங்கிடுச்சின்னு சொன்னாருக்கா. கட்டு போட்டுக்கினு இருந்தாரு. போனக்கூட எடது கையால புடிச்சிருக்கேன்னு சொன்னாரு. அந்தக் கையோட அந்த வண்டிய எப்படிக்கா ஓட்டச் சொன்னாங்க? யாருமே கேக்கலியா? அண்ணன் கூடத்தானே இருந்தாங்க. அண்ணனாவது தடுத்திருக்கக் கூடாதா?"

பிரபாவதியின் கை ஜெசிந்தாவின் முதுகில் அப்படியே நின்றுவிட்டது.

தடுத்திருப்பான். தடுக்காமல் விடுகிற ஆளா அவன்? போன லீவில், டிராக்டர்காரனுக்குக் காய்ச்சல் என்று கேட்டதும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்து, அடுத்தவன் நிலத்தை உழுதே லீவைத் தீர்த்தவன். வீட்டுக்கு வந்த புருஷனை டிராக்டரில்தான் பார்க்கணுமா என்று அவள் மூன்று நாள் பேசாமல் இருந்தாள். கட்டுப் போட்ட கையோடு ஒரு பையன் பனி ரோட்டில் அந்த வண்டியில் ஏற, அதுவும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்கவேண்டிய அந்த வண்டியில் ஏற, அவன் கீழே நின்று வேடிக்கை பார்த்திருப்பானா? எறங்குடா தென்னரசு, இவளப் பத்தி எனக்குத்தான் தெரியும், நீ புதுச எடுத்துக்கினு பின்னால வா. சொல்லியிருப்பான். சொன்ன குரல்கூட அவள் காதில் விழுந்தது. புதுசுக்கு ஸ்டியரிங் லேசு, ஒரு கையால் கூடத் திருப்பிவிடலாம் என்று அவனே சொன்னதும் சேர்ந்து விழுந்தது.

காலையிலிருந்து அவள் வண்டியைத்தான் தேடினாள். டேங்கைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், எந்தக் காலத்து வண்டி என்று அடித்துச் சொன்னாள். ஒன்றுகூடத் தப்பில்லை, எல்லாம் சரிதான். புருஷன் எப்படிப்பட்டவன் என்று மட்டும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். பழசாக இருக்கணும் என்று அவள் கேட்டாள், பழசாகவே இருந்தது. ஐயோ, கேட்டாளே! வாய் விட்டுக் கேட்டாளே!

இல்லை, இருக்காது, தென்னரசுதான் ஓட்டியிருப்பான் என்று ஒரு பக்கம் மனசு கெஞ்சியது. அப்படிக் கெஞ்சுவது மடியில் கிடக்கிற இந்தப் பெண்ணின் தாலிக்கு எதிராக என்பதும் தெரிந்தது. எந்தப் பக்கமும் நினைக்க முடியவில்லை. யாரோ தண்ணீர் டம்ளரை நீட்டினார்கள். வாங்கத் தோன்றவில்லை.

ஜெசிந்தாவின் போன் அடித்தது. ஏதோ வடக்கத்தி நம்பர். ஜெபம் பாதியில் நின்றது. ஜெசிந்தா எடுக்க முடியாமல் தடுமாற, கெங்கம்மாள் பிடுங்கி அமுக்கி, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"ஜெசி, நான்தான். நான் நல்லா இருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆவல."

வீடு ஒரே இரைச்சலாகிவிட்டது. கெங்கம்மாள் மகனின் பெயரைச் சொல்லிக் கூவினாள். ஒரு பெண் மாதா படத்தையே கழற்றி எடுத்து முத்தமிட்டாள். ஜெசிந்தா பிரபாவதியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அக்கா, இருக்காருக்கா, உசுரோட இருக்காருக்கா!" என்று குலுங்கினாள். அந்தக் கூட்டத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தவள் பிரபாவதி ஒருத்திதான். அவளுக்கு வந்து சேரவேண்டிய செய்தி வந்து சேர்ந்துவிட்டது.

"அழுவாத ஜெசி, கேளு. எல்லார் போனையும் வாங்கி வெச்சிட்டாங்க, இது வேற ஆளு போனு, ரொம்ப நேரம் பேச முடியாது. நீ ஜல்தியா திண்டிவனம் கெளம்பு. ஆபீசருங்க வர்றதுக்கு முன்னாடி நீ அங்க போயிடணும்." குரல் உடைந்தது. "என் கையப் பாத்துட்டு என் வண்டிய அண்ணன்தான் எடுத்துக்கினு போனாரு ஜெசி. நான் பின்னால வந்துக்கினு இருந்தேன். என் கண்ணு முன்னாலதான்... அண்ணி தனியா இருப்பாங்க. நீ போய் அண்ணி கூட இரு. தனியா வுட்றாத. கேக்குதா?"

கழுத்தைக் கட்டியிருந்த ஜெசிந்தாவின் கைகள் மெல்லக் கழன்றன. அவளால் பிரபாவதியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கெங்கம்மாள் கையில் போன் மட்டும், "ஜெசி? ஹலோ? லைன்ல இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

பிரபாவதி போன் பக்கம் குனிந்தாள்.

"நான் இங்கதாம்பா இருக்கேன், சொல்லு," என்றாள்.